வாயில் நுழையாத பெயரும் வாடிக்கையாளர் அழைப்பும்

கேள்வி: என் பெயர் கயல்விழி. சென்னையில் ஒரு பிபிஓ-வில் வாய்ஸ் ப்ராசஸில், அதாவது தொலைபேசியில் வாடிக்கையாளரோடு பேசும் பிரிவில், சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. அமெரிக்க, பிரிட்டிஷ் வாடிக்கையாளர்கள். பாதிப் பேர் பெயரையே மூன்று தடவை கேட்கிறார்கள். டீம் லீடர் “கேத்தின்னு வெச்சுக்கோம்மா” என்கிறார். பெயரை மாற்றிக்கொள்ள மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

வாடிக்கையாளர் உங்கள் பெயரைத் திருத்தமாக உச்சரித்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அந்த அழைப்பில் பெயருக்கு இரண்டே வேலைகள்தான். மறுமுனையில் ஒரு ஆள் இருக்கிறார் என்று காட்ட வேண்டும். நாளைக்கு அவர் திரும்ப அழைத்தால் யாரிடம் பேசினார் என்று தேடிப் பிடிக்க வழி இருக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்துவிட்டால் அவர் ‘கயால்’ என்றாலும் ‘காயில்’ என்றாலும் நஷ்டமில்லை. இரண்டுக்கும் ‘கேத்தி’ தேவையும் இல்லை.

மூன்று தடவை கேட்பதற்குக் காரணம் பெயரின் புதுமை மட்டும் என்று நினைக்காதீர்கள். பாதிப் பழி தொலைபேசியைச் சேரும். பழைய தொலைபேசித் தடம் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். அழைப்பு மையங்களில் இன்றும் பரவலாக இருக்கும் ஜி.711 என்ற கோடெக் (ஒலியை எண்களாக்கி அனுப்பும் முறை) நொடிக்கு 8000 முறைதான் ஒலியை அளந்து எடுக்கிறது. ஆகவே 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது எதுவும் அந்தப் பக்கம் போய்ச் சேராது. ‘ஸ்’, ‘ஃப்’ இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. ‘ம்’, ‘ன்’ குழப்பம், ப–ட–க குழப்பம் எல்லாம் இதோடு கூட்டு. ‘ஜெனிஃபர்’ என்றால் கேட்பவரின் மூளை விடுபட்ட ஒலிகளைப் பழக்கத்தால் இட்டு நிரப்பிக்கொள்ளும். ‘கயல்விழி’க்கு இட்டு நிரப்ப அவரிடம் கையிருப்பு இல்லை. எனவே உங்கள் பெயர் மற்றவர் பெயரைவிடத் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். குரலை உயர்த்தினால் இது நடக்காது.

இன்னொரு பாதி நம் நாக்கில் இருக்கிறது. சொல்லின் முதலில் வரும் க, ட, ப ஒலிகளைத் தமிழில் மூச்சுக் காற்று இல்லாமல் சொல்கிறோம். ஆங்கிலக் காது சொல் முதலில் காற்று வெடிப்பை எதிர்பார்க்கும். அது இல்லாவிட்டால் ‘கே’ எழுத்தை ‘ஜி’ எழுத்தாகவும் ‘பேப்பர்’ என்பதில் வரும் ‘ப’வை ‘பஸ்’ என்பதில் வரும் ‘ப’வாகவும் எடுத்துக்கொள்ளும். கயல் அங்கே ‘கெய்ல்’ ஆவது இப்படித்தான்; பார்த்தி, ‘பாரதி’யின் முதல் ஒலியோடு போய்விடுவார். திருத்துவது எளிது. ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு நான்கு விரல் முன்னால் பிடித்துக்கொண்டு பெயரைச் சொல்லுங்கள். முதல் எழுத்தில் காகிதம் ஆட வேண்டும். ஆடாவிட்டால் காற்று போதவில்லை. நாளுக்கு இருபது தடவை, ஒரு வாரம் செய்தால் பழகிவிடும்.

‘வ’ இன்னொரு பொறி. நம் ‘வ’ ஆங்கிலத்தின் ‘வி’க்கும் ‘டபிள்யூ’வுக்கும் நடுவில் நிற்கிறது. வேல் என்றால் ‘வெல்’ என்ற ஆங்கிலச் சொல் காதில் விழும், “வெல், என்ன?” என்று அவர் காத்திருப்பார். மேல்பல்லைக் கீழுதட்டில் தொட்டு, லேசாக அதிரவிட்டுச் சொன்னால் ‘வி’யாகவே போகும்.

மூன்றாவது சிக்கல், அழுத்தம். தமிழில் அசைகளைக் கிட்டத்தட்ட சம எடையில் சொல்கிறோம். ஆங்கிலம் பேசுபவர் ஒரு சொல்லில் எந்த அசை கனக்கிறது என்பதை வைத்துத்தான் அதைப் பிடிக்கிறார். ஏதாவது ஓர் அசையைத் தேர்ந்தெடுத்து எப்போதும் அதையே கனமாகவும் சற்று நீளமாகவும் சொல்லுங்கள். உங்களுக்கு ‘க’வில் அழுத்தம் பொருந்தும். எந்த அசை என்பதைவிட, ஒவ்வொரு அழைப்பிலும் அதே அசை என்பதுதான் முக்கியம்.

இனி ழகரம். தமிழர்கள் அஞ்சுவது இதற்குத்தான், ஆனால் தொலைபேசியில் தொல்லை குறைவானது இதுதான். அமெரிக்கர்கள் ‘ஆர்’ எழுத்தை உச்சரிக்கும் முறை நம் ழகரத்துக்கு மிக நெருங்கிய உறவு. நீங்கள் இயல்பாக ‘விழி’ என்றால் அவர்கள் ‘விரி’ போன்ற ஒன்றைத் திருப்பிச் சொல்வார்கள். விட்டுவிடுங்கள், நம் ஊரிலேயே ‘விளி’ என்பவர்கள் ஏராளம். சிக்கல் எழுத்தில் வருகிறது. ழகரத்துக்கு நாம் எழுதும் ‘இசட்-எச்’ கூட்டை மின்னஞ்சலில் பார்க்கும் ஆங்கிலேயர் ‘விஷி’ என்று வாசிப்பார். காதில் கேட்டதும் கண்ணில் பார்த்ததும் பொருந்தாததால், பேசியது ஒருவர், மின்னஞ்சல் அனுப்பியது வேறொருவர் என்று நினைத்துக்கொள்வார். ‘தொடர்ந்து ஒரே ஆள் கவனிக்கவில்லை’ என்ற புகார்களில் சில இங்கிருந்தும் முளைக்கும். ‘த’ ஒலிக்கு நாம் ‘டி-எச்’ எழுதுவதும் இதே வகை: கீதா என்பதை ‘திங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலியோடு வாசிப்பார்கள்.

இதனால்தான் பேசும் பெயரும் எழுதும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும் என்கிறேன். பேச்சில் ‘கயல்’ என்றால் சாட்டிலும் மின்னஞ்சலிலும் ‘கயல்’ மட்டுமே. ழகரம் தானாகவே வெளியேறிவிடுகிறது.

பெயரைச் சுருக்குவது வேறு, மாற்றுவது வேறு. கயல்விழியிலிருந்து ‘கயல்’ எடுப்பது வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் சுருக்கத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். ‘விழி’ என்று பின்பாதியை எடுத்தால் மறுபடி ழகரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘கயல்’ வேகமாகச் சொன்னால் ‘கைல்’ என்ற ஆண் பெயராகக் கேட்கும். ‘க’வையும் ‘ய’வையும் பிரித்து இரண்டு அசையாகச் சொன்னால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். சுருக்கத்தை முடிவு செய்யும் முன் அதைக் கைபேசி வழியாக, நேரில் அல்ல, உங்களைத் தெரியாத நான்கைந்து பேரிடம் ஒருமுறை மட்டும் சொல்லி, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். ஒருவரும் ஆபாசமான, சிரிப்பூட்டும் சொல் எதையும் எழுதாமல், பாதிப் பேருக்கு மேல் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுதினால் அந்தச் சுருக்கம் தேறியது.

அடுத்தது, வணக்க வாக்கியத்தில் பெயர் எங்கே வருகிறது என்பது. பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் ‘அழைத்ததற்கு நன்றி’, நிறுவனப் பெயர், ‘மை நேம் இஸ்’ இன்னார், ‘எப்படி உதவலாம்’ என்று ஓடும். ஒரு ஷிப்டில் அறுபது தடவை சொல்லும் வாக்கியம் ஆதலால் நடுவில் உள்ள பெயர்தான் முதலில் தேய்ந்து போகும். தவிர, முந்தைய சொல்லின் வால் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ‘இஸ்’க்குப் பின் இளங்கோ வந்தால் ‘ஸிளங்கோ’, எழில், ‘ஸெழில்’. செல்வி என்றால் இரண்டு ‘ஸ்’ஸும் ஒன்றாகி ‘எல்வி’ மட்டும் மிஞ்சும். ‘ஐ ஆம்’ போட்டால் மதிக்கு ‘ம்’ தின்னப்பட்டு ‘அதி’ ஆகும். மருந்து, பெயருக்கு முன்னும் பின்னும் அரை நொடி இடைவெளி. அந்த அரை நொடி உங்களுக்கு யுகம் போலத் தோன்றும். கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஸ்கிரிப்டை மாற்ற அனுமதி இருந்தால் பெயரை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளி, குரலை இறக்கி முடியுங்கள். காத்திருப்பு இசையிலிருந்து வெளியே வரும் காதுக்கு முதல் இரண்டு மூன்று சொற்கள் எப்படியும் பதியாது.

ஒருவருக்கு இருபது நொடி பெயர் விளக்கத்தில் போகிறது என்று வையுங்கள். அறுபது அழைப்புக்கு இருபது நிமிடம். உங்கள் ஏ.எச்.டி. (ஓர் அழைப்புக்கு ஆகும் சராசரி நேரம்) ஏன் உயர்கிறது என்று டீம் லீடர் கேட்பதற்கும் ‘கேத்தி’யைப் பரிந்துரைப்பதற்கும் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். அந்த நேரத்தை உண்மையிலேயே குறைத்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும்.

எழுத்துக் கூட்டச் சொன்னால் பத்து எழுத்தையும் ஒரே மூச்சில் ஒப்பிக்காதீர்கள். முழுப் பெயர் தேவைப்பட்டால் மூன்று, இரண்டு, இரண்டு, மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்துக்குப் பின்னும் அவர் ‘ம்’ சொல்லும்வரை நில்லுங்கள். பயன்படுத்த வேண்டியது 1956 முதல் வானூர்தித் துறையில் இருக்கும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசை. உங்கள் பெயர்: கிலோ, ஆல்ஃபா, யாங்கி, ஆல்ஃபா, லிமா, விக்டர், இந்தியா, ஜூலு, ஹோட்டல், இந்தியா. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இருப்பிடத்தைச் சொல்லக் கூடாது என்று கிளையன்ட் (பிபிஓ-வுக்கு வேலை தரும் நிறுவனம்) கட்டளையிட்ட ப்ராசஸில், பெயரைக் கூட்டும்போது நீங்களே இரண்டு தடவை ‘இந்தியா’ என்று சொல்லிவிடுவீர்கள். அங்கே ‘இக்லூ’ போன்ற வேறு சொல்லுக்கு அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

‘இசட்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பிரிட்டனில் அது ‘செட்’, அமெரிக்காவில் ‘ஜீ’; தொலைபேசியில் அந்த ‘ஜீ’ மெலிந்து ‘சி’ எழுத்தாகிவிடும். ‘ஜூலு’ இரண்டு நாட்டிலும் தப்பாது. நியூமராலஜி பார்த்து எழுத்துகளை இரட்டித்து வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ‘யூ’ இரண்டு தடவை வந்தால் ‘டபுள் யூ’ என்று சொல்லிவிடாதீர்கள். எதிர்முனையில் ‘டபிள்யூ’ என்று எழுதிக்கொண்டிருப்பார். வேலையிடப் பெயரில் அந்தக் கூடுதல் எழுத்துகளைக் கழற்றிவிடுவதே நல்லது; ராசி எழுத்துகள் சான்றிதழில் இருந்தால் போதும்.

இப்போது ‘கேத்தி’ விவகாரம். மாற்றுப்பெயர் வைப்பது சட்ட விரோதம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படிப் பொதுவாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் கடன் வசூல் அழைப்புகளுக்கான ரெகுலேஷன் எஃப் என்ற விதி, 2021 நவம்பர் 30 முதல் நடப்பில் இருப்பது, ஊழியர் புனைபெயர் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. நிபந்தனை இரண்டு: எப்போதும் அதே பெயரைப் பயன்படுத்த வேண்டும்; அந்தப் பெயருக்குரிய ஊழியர் யார் என்று நிறுவனத்தால் உடனே சொல்ல முடிய வேண்டும். அந்நாட்டின் டெலிமார்க்கெட்டிங் (தொலைபேசி விற்பனை) விதியும் புனைபெயரைத் தடுக்கவில்லை. ஆனால் ஒரு புனைபெயர் ஒரே ஓர் ஊழியரைத்தான் குறிக்க வேண்டும், அதைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஒரே அலுவலகத் தளத்தில் மூன்று கேத்தி, நான்கு கெவின் இருப்பதும், வேலையை விட்டுப் போனவரின் புனைபெயரை அடுத்து வந்தவருக்குத் தூக்கிக் கொடுப்பதும் இங்கேதான் இடிக்கும். இந்தியாவுக்குள் வங்கிக் கடன் வசூல் வேலை என்றால் கதை வேறு. வசூல் முகவர் அடையாள அட்டையும் வங்கியின் அங்கீகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. அட்டையில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர் என்றால் மாட்டிக்கொள்வது ஊழியர்தான்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நடைமுறையில் ‘கேத்தி’ உங்களுக்கு உதவுமா? சந்தேகம்தான். சென்னை உச்சரிப்பில் ‘கேத்தி’ என்று கேட்கும் அமெரிக்கருக்கு, எங்கோ இருந்து போலிப் பெயரில் அழைக்கும் மோசடிக் கும்பல்தான் நினைவுக்கு வரும். ‘உண்மையான பெயர் என்ன?’ என்று அவர் கேட்டுவிட்டால் தப்பிக்க வழி இல்லை. பெயரிலேயே பொய் சொன்னவர் பில்லைப் பற்றிச் சொல்வதை யார் நம்புவார்? இன்னொன்று, பழக்கமில்லாத பெயரில் தளத்தில் யாராவது கூப்பிட்டால் நீங்கள் திரும்பமாட்டீர்கள். ஹெட்செட்டில் அதே தாமதம் வாடிக்கையாளருக்கும் கேட்கும்.

கிளையன்ட் ஒப்பந்தமே மாற்றுப்பெயர் கேட்டால் மறுக்க இயலாது. அப்போது பெயரைத் தேர்வது உங்கள் கையில் இருக்கட்டும். சொந்தப் பெயரின் முதல் ஒலியில் தொடங்குவது, இரண்டு அசைக்குள் இருப்பது, ‘வ’வும் ‘ஜ’வும் முதலில் வராதது, தளத்தில் வேறு யாருக்கும் இல்லாதது. எச்.ஆர். கடிதம், சம்பள விவரம், வாடிக்கையாளருக்குக் கையொப்பமிட்டு அனுப்பும் ஆவணம் இவற்றில் அந்தப் பெயர் தலைகாட்டக் கூடாது. பணியாளர் எண்ணோடு அது இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுப்பெயரை நானே பரிந்துரைக்கும் இடம் ஒன்று உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. சொந்தப் பெயரே கார்த்திக் என்றால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். ஊரில் பல்லாயிரம் கார்த்திக் இருக்கிறார்கள். ‘யாழ்மொழி செம்பியன்’ என்று தேடினால் முதல் வரியிலேயே உங்கள் ஃபேஸ்புக் படம், கல்லூரி, ஊர் எல்லாம் வந்து நிற்கும். கோபத்தில் அழைப்பைத் துண்டித்தவர் இரவு பதினோரு மணிக்கு இன்பாக்ஸில் வந்தால் அது வேலை நேரத் தொல்லையோடு நிற்காது. ஆகவே அரிய பெயர்க்காரர்கள் முழுப் பெயரை வாடிக்கையாளரிடம் கொடுக்கவே வேண்டாம். கயல், பணியாளர் எண் இவ்வளவு, அவ்வளவுதான். மின்னஞ்சல் கையொப்பத்திலும் அதேதான். லிங்க்ட்இன் பக்கத்தில் நிறுவனமும் ப்ராசஸும் எழுதியிருந்தால் அதைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள். கடன் வசூல், காப்பீடு மறுப்பு, கணக்கு முடக்கம் போன்ற சண்டை வரும் ப்ராசஸ்களில் மாற்றுப்பெயர் ஒரு கவசம். அங்கே தயங்க வேண்டாம்.

மென்பொருளில் வரும் கோளாறு தனி. தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, அப்பாவின் முதலெழுத்துதான். எச்.ஆர். மென்பொருளோ முதற்பெயர், கடைப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். ஆதாரில் ‘கே. கயல்விழி’ என்றிருந்தால் முதற்பெயர்க் கட்டத்தில் ‘கே’ போய் உட்காரும். சாட்டில் வாடிக்கையாளருக்கு “கே உங்களோடு பேசுகிறார்” என்று தெரியும். முதலெழுத்தை விரித்து எழுதியிருந்தால் அப்பாவின் பெயரில் நீங்கள் அரட்டை அடிப்பீர்கள். இதற்கு ஆதாரையோ லாகின் ஐடியையோ மாற்றப் போகாதீர்கள், ஐ.டி. துறையிடம் காட்சிப்பெயரை மட்டும் மாற்றச் சொல்லி டிக்கெட் போடுங்கள். வாடிக்கையாளர் சேவை மென்பொருளான ஜென்டெஸ்க்கில் வாடிக்கையாளருக்குத் தெரியும் பெயருக்கென்றே ‘ஏலியாஸ்’ கட்டம் உண்டு. நிறுவனம் வாங்கியிருக்கும் சந்தாத் திட்டத்தைப் பொறுத்துத் திறந்திருக்கும். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருளிலும் ‘ஏலியாஸ்’ இருக்கிறது, ஆனால் அது எட்டு எழுத்துக்கு மேல் ஏற்காத உள்சுருக்கம்; இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஹர்ஷித், ஹர்ஷிதா, தீட்சித் போன்ற பெயருள்ளவர்களுக்கு இன்னொரு இடி காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது பெயரின் நடுவே ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருப்பதால் ஆபாச வடிகட்டி அதைக் கத்தரித்து உடுக்குறி போட்டுவிடலாம், செய்தியையே நிறுத்தியும் விடலாம். 1996-இல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் வடிகட்டி இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் ஊர்க்காரர்களைக் கணக்கே தொடங்க விடாமல் தடுத்ததிலிருந்து இந்த நோய்க்கு அந்த ஊரின் பெயர்தான். ஐ.டி.யிடம் விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். அழைப்பைத் தானாக எழுத்தாக்கி மதிப்பெண் போடும் கருவி இருந்தால் அதன் தனிச்சொல் பட்டியலிலும் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ‘பெயர் சொல்லவில்லை’ என்று மதிப்பெண் குறையக்கூடும்.

“வினோதமான பெயராக இருக்கிறதே, எங்கிருந்து?” என்பவர்களில் பெரும்பாலோர் குசலம் விசாரிப்பவர்கள்தான். ‘தமிழ்ப் பெயர், மீன் போன்ற கண் என்று அர்த்தம்’ என ஒரே வாக்கியம். அடுத்த மூச்சிலேயே அவர் பில்லுக்குத் திரும்புங்கள். தவறாகச் சொன்னால் ஒருமுறை திருத்துங்கள், இரண்டாம் முறை விட்டுவிடுங்கள். வேண்டுமென்றே கோணலாகச் சொல்லிச் சிரிப்பவரிடம் திருத்தவே வேண்டாம். அவருக்கு வேண்டியது அந்தத் திருத்தம்தான். வசவு தொடங்கினால் நிறுவனத்தின் எச்சரிக்கை வாசகத்தை எழுத்து மாறாமல் சொல்லி, சூப்பர்வைசருக்கு மாற்றி, குறிப்பில் அவர் சொன்ன சொற்களை அப்படியே பதியுங்கள். விதி அனுமதிக்காமல் நீங்களாகத் துண்டித்தால் அது ‘கால் அவாய்டன்ஸ்’ (அழைப்பைத் தட்டிக்கழித்தல்) என்ற கணக்கில் உங்கள் தலையில் விழும்.

உள்நாட்டு ப்ராசஸுக்கு மாறினால் கேள்வியின் நிறம் மாறும். “முழுப் பேர் என்னம்மா? அப்பா பேரு? சொந்த ஊர் எது?” என்று வரிசையாகக் கேட்பவர் சாதியையோ மதத்தையோ துழாவுகிறார். “கயல்விழிங்க சார், என் எம்ப்ளாயி நம்பர் இது. உங்க கம்ப்ளெய்ன்ட் நம்பர் சொல்லுங்க சார்” என்றால் போதும். அப்பா பெயரும் ஊரும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

டீம் லீடரிடம் வாய்ச்சண்டை வேண்டாம். ‘பேச்சிலும் எழுத்திலும் கயல் என்றே வைத்துக்கொள்கிறேன், இரண்டு வாரம் பாருங்கள்’ என்று மின்னஞ்சல் போடுங்கள். அந்த இரண்டு வாரமும் பெயரைத் திரும்பக் கேட்ட அழைப்புகளுக்கு ஒரு கோடு போட்டு எண்ணி வாருங்கள். கூடவே, தரக்கட்டுப்பாட்டுக் குழுவுக்கு உங்கள் பெயரின் தவறான வடிவங்களைப் பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள்: கைல், கெய்ல், கேல். அழைப்புக்குப் பின் வாடிக்கையாளர் கருத்துக் கணிப்பில் தரும் மதிப்பெண் அழைப்பு எண்ணோடு சேர்ந்து உங்களுக்கே வந்துவிடும். தனியாக மின்னஞ்சலில் ‘கைல் அருமையாக உதவினார்’ என்று வரும் பாராட்டுதான் ஆள் தெரியாமல் அனாதையாகக் கிடக்கும்.